சனி ஞாயிறு ஊர்சுற்றல்: உட்கார விட்ட கடைகளும் எழுப்பிவிட்ட கடைகளும்

சிங்கப்பூரில் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ருசிக்கு இவ்வளவு, கவனிப்புக்கு இவ்வளவு, அலங்காரத்துக்கு இவ்வளவு என்று நட்சத்திரம் போடுகிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். சாப்பிட்டு முடித்த பிறகு எவ்வளவு நேரம் உட்கார விடுகிறார்கள்? வேலையையும் பிள்ளைகளையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நாலு தோழிகள் ஒரு சனி ஞாயிறைப் பிடிப்பதற்கு வாட்ஸ்அப்பில் எத்தனை நாள் இழுபறி நடக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் சந்திப்பது பேசுவதற்கு. சாப்பாடும் விளையாட்டும் அதற்கு ஒரு சாக்கு. அந்தச் சாக்குக்கு நல்ல காசும் கொடுத்துவிட்டு, பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் ஒருவர் வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தால் எரிச்சல் வராதா?

யார் யார் வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான். நான் ஈசூன்வாசி; மாட்டிறைச்சி தவிர எதுவும் சாப்பிடுவேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த மலாய்த் தோழிக்கு ஹலால் வேண்டும். சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை பார்க்கும் திருச்சிக்காரி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நாலாவது ஆள் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து வருகிறவள். அவளுக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு ஒன்றுமில்லை, விலையில்தான். நம் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அவளுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்பதால் எந்த மெனுவைப் பார்த்தாலும் மூன்றால் பெருக்கி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் ஆர்டர் செய்வாள்.

மலாய்த் தோழிக்குச் சனிக்கிழமை மத்தியானம் வரை வேலை. அதனால் மற்ற மூவரும் சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸில் கூடினோம். 1947-ல் தொடங்கிய கடை. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களில் அங்கே ஒரு தோசையாவது சாப்பிடாதவர் இருப்பாரா என்பது சந்தேகம். ஜொகூர்க்காரி வழக்கம்போல ஜொகூர்ப் பாலத்தில் மாட்டிக்கொண்டாள். 1924-ல் திறந்த பாலம், ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம், அதைக் கடக்கச் சனிக்கிழமை காலையில் ஆகும் நேரத்தில் விமானத்தில் சென்னையை நெருங்கிவிடலாம் போலிருக்கும். குயீன் ஸ்திரீட் பேருந்து முனையத்தில் இறங்கி அவள் நடந்து வந்து சேர்வதற்குள் நாங்கள் தோசையை முடித்து, டபராவில் ஆற்றி ஆற்றிக் காப்பி குடித்து, திருச்சிக்காரியின் அலுவலக அரசியல் முழுவதையும் பேசி முடித்திருந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் வாசலில் ஆள் நின்றது. எங்கள் பட்டியலில் முதல் இடத்துக்கு அப்போதே ஒரு போட்டியாளர் தயார்.

தேக்கா நிலையத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றினோம். கீழே ஈரச்சந்தையும் உணவங்காடியும், மாடியில் புடவை, சுடிதார், தையல்காரர்கள். உணவங்காடி நிலையங்களில் உட்காருவது தனிக் கலை. உங்களை எழுப்பிவிட அங்கே யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் பிரியாணித் தட்டோடு உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும் குடும்பத்தின் பார்வை இருக்கிறதே, அது எந்த மேலாளராலும் முடியாத வேலையைச் செய்துவிடும். டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடத்தை ‘சோப்’ செய்வது (அதாவது பிடித்து வைப்பது), சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைப்பது எல்லாம் திருச்சிக்காரிக்கு இப்போது பழகிவிட்டது. தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் சட்டமாகிவிட்டது என்று நாங்கள் சொல்ல, “அதுக்கு முன்னாடி அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போவீங்களா?” என்று கேட்டாள். ஜொகூர்க்காரி என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைக் கட்டுகளை வேடிக்கை பார்த்தேன்.

மத்தியானச் சாப்பாடு ரேஸ் கோர்ஸ் ரோட்டில். மீன் தலைக் கறி என்றால் இந்தத் தெருதான். முத்தூஸ் கறி 1969 முதல், பனானா லீஃப் அப்போலோ 1974 முதல். கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1940களின் இறுதியில் ஆரம்பித்துவைத்த பண்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீனர்களுக்காக நம் ஊர்க் குழம்பில் அதைப் போட்டாராம். தமிழ்நாட்டில் தேடினால் இந்த வடிவத்தில் கிடைக்காது, சீனாவிலும் கிடைக்காது. நம் தீவுக்கே சொந்தமானது.

அப்போலோவில் உட்கார்ந்தோம். சட்டியில் இக்கான் மேரா எனும் சிவப்பு மீனின் தலை, வெண்டைக்காய், கத்தரிக்காய், புளியும் மிளகாயும் தூக்கலான குழம்பு. சைவத் தோழியை மீன் தலைக் கடைக்குக் கூட்டிப்போனது கொடுமை என்று நினைக்க வேண்டாம். வாழையிலையில் சோறு, இரண்டு காய், அப்பளம், ரசம் என்று அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். காயை மறுபடி கேட்டாள், போட்டார்கள். எங்கள் பக்கம் கன்னச் சதைக்கு அடிதடி. மீன் தலையில் ஆக நல்ல இடம் கன்னம்தான், அடுத்தது பிடரி. கண்ணை ஜொகூர்க்காரி எடுத்துக்கொண்டாள். அதற்கு நான் போட்டியில்லை. ஒரு தலை மூன்று, நான்கு பேருக்குத் தாராளம். விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் ஆள்கணக்கில் வகுத்துப் பாருங்கள், சரியாகத்தான் வரும். இலையை மடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஊற்றினார்கள், எழுப்பவில்லை.

அப்புறம்தான் இந்த வார இறுதியின் முக்கியமான இடம். பூகிஸ் பக்கத்தில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருக்கும் போர்டு கேம் கஃபே. மலாய்த் தோழியின் தம்பி சொல்லி அனுப்பிய இடம்; வேலை முடிந்து அவளும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். கடைப்பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏற்கெனவே சனிக்கிழமைகளில் இடம் கிடைப்பதில்லை, எழுதினால் எனக்கே கிடைக்காது.

செங்குத்தான மரப்படி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். உள்ளே மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை விளையாட்டுப் பெட்டிகள். கட்டணம் மணிக்கு ஆளுக்கு 6 வெள்ளி. மூன்று மணி நேரத்துக்கான பணத்தைக் கட்டிவிட்டால் அதற்குமேல் கடை மூடும் வரை இருக்கலாம். எனக்கு உடனே பிடித்துப்போனது இந்தக் கணக்குதான். மற்ற கடைகள் சாப்பாட்டை விற்பதுபோல் பேசிக்கொண்டு உண்மையில் நாற்காலியைத்தான் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. இவர்கள் அதைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் வயது. “என்ன விளையாட்டு வேண்டும்?” என்று கேட்கவில்லை. எத்தனை பேர், கணக்குப் போடப் பிடிக்குமா, ஒருவரையொருவர் ஏமாற்றினால் நட்பு தாங்குமா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்விக்கு மூவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது ஏன் என்று தெரியவில்லை. இப்படிக் கேட்கத் தெரிந்த ஆள் இருக்கும் கடைதான் நல்ல கடை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு “கியூஆர் கோடை ஸ்கேன் செய்து விதிமுறையைப் பாருங்கள்” என்று போய்விடும் இடங்களும் இருக்கின்றன. அங்கே முதல் ஒரு மணி நேரம் விதியைப் படிப்பதிலேயே போய்விடும், அதற்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும்.

முதலில் ‘அசூல்’ கொடுத்தார். 2017-ல் வந்த விளையாட்டு, மறு ஆண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. போர்ச்சுக்கல் நாட்டு ஓடுகளை எடுத்து அரண்மனைச் சுவரில் பதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூ சியாட்டில் வீட்டு முகப்புகளில் பூப்போட்ட ஓடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கையில் எடுத்தவுடனே பிடித்துவிடும். நிறங்கள் அழகு, ஓடுகளின் கனம் அழகு. ஆனால் விளையாட்டு அவ்வளவு சாது இல்லை. அடுத்தவளுக்குத் தேவையில்லாத ஓடுகளை அவள் தலையில் கட்டுவதுதான் இதன் சூட்சுமம். இரண்டாவது சுற்றிலேயே திருச்சிக்காரி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாய் திறக்காமல் மூன்று பேரையும் கவிழ்த்துவிட்டு, “நான் சும்மா நீலம் மட்டும்தான் எடுத்தேன்” என்றாள்.

அடுத்தது ‘கட்டான்’. 1995-ல் வந்த ஜெர்மன் விளையாட்டு, இந்த வகைக்கெல்லாம் பெரியப்பா. பத்தொன்பது அறுகோணத் துண்டுகளை அடுக்கினால் ஒரு தீவு. மரம், செங்கல், கம்பளி (எங்கள் பேச்சில் ஆடு), தானியம், தாது என்று சேர்த்து வீடு கட்டி, சாலை போட்டு, முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் ஜெயித்தார். பகடையில் ஏழு விழுந்தால் திருடன் கிளம்புவான். கையில் ஏழு அட்டைக்குமேல் வைத்திருப்பவர் பாதியைக் கொட்ட வேண்டும். இதில் ஆட்டத்தைவிடப் பேரம்தான் முக்கியம். மலாய்த் தோழியிடம் செங்கல் குவிந்து கிடந்தது. ஜொகூர்க்காரிக்குச் செங்கல் வேண்டும். “ஒரு செங்கல் கொடுடி, ரெண்டு ஆடு தர்றேன்” என்று ஆரம்பித்த பேரம், கல்லூரியில் திருப்பிக் கொடுக்காத பாடக்குறிப்பு வரை போனது. கடைசியில் செங்கல் கிடைத்தது. தொடர்ச்சியாகக் குறைந்தது ஐந்து சாலை போடுபவருக்கு ‘நீளமான சாலை’ அட்டையும் இரண்டு புள்ளியும் உண்டு. ஜொகூர்க்காரி அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, “காலையிலே நான் வந்த ரோட்டுக்கு இதை அப்பவே கொடுத்திருக்கணும்” என்றாள்.

சிவப்புச் சாலைக் கட்டை ஒன்று பெட்டியில் காணவில்லை. அந்த இளைஞர் கொஞ்சமும் அசரவில்லை, ஒரு பல்குத்தும் குச்சியை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிகள் நன்றாகத் தேய்ந்தவை. அட்டைகளுக்கு உறை போட்டிருக்கிறார்கள் என்பதால் அழுக்கில்லை.

மூன்றாவது ‘கோட்நேம்ஸ்’. இருபத்தைந்து சொற்களை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பி வைத்து, இரண்டு அணியாகப் பிரிந்து, தலைவர் ஒரே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்லி எந்தெந்தச் சொற்கள் தம் அணியுடையவை என்று உணர்த்த வேண்டும். கொலையாளிச் சொல்லைத் தொட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அட்டைகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் துப்புக் கொடுப்பதில் ஊர் புகுந்துவிட்டது. நான் சொன்ன துப்பு: “தேக்கா, மூன்று.” என் அணியில் இருந்த மலாய்த் தோழி முதலில் மீனைத் தொட்டாள், அடுத்து கோயிலை. மூன்றாவதற்கு ராஜாவா தங்கமா என்று விரலை ஆட்டிக்கொண்டே இருந்தவள், “உங்கம்மா அடகு வைக்க அங்கேதானே போவாங்க” என்று தங்கத்தைத் தொட்டாள். கரெக்ட். அம்மாவுக்கு இந்தக் காரணம் தெரியாமல் இருப்பது நல்லது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் சேர்ந்திருக்கும் கூட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது இந்த விளையாட்டைத்தான். ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்திக்குத் தெரியுமா என்று யோசித்து யோசித்தே பழங்கதை எல்லாம் வெளியே வந்துவிடும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், சாப்பாடு தேறாது. பொரித்த உருளைக்கிழங்கும் கோழித் துண்டுகளும்தான். அட்டையில் எண்ணெய் படக்கூடாது என்று உருளைக்கிழங்கைச் சாப்பிடக் குச்சிகள் தருகிறார்கள். அந்த யோசனைக்கு மட்டும் முழு மதிப்பெண். ஏர்கோன் குளிர் எலும்பைத் தொடும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். பக்கத்து மேசையில் எட்டு இளைஞர்கள் ‘நீதான் ஓநாய்’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஒரு காலத்தில் அந்தத் தொண்டை இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கம்போங் கிளாமில் ஒரு புதிய உணவகத்தில் பதிவு செய்திருந்தோம். ஹலால் சான்றிதழ் உள்ள கடை, படங்களில் பிரமாதமாக இருந்தது. பதிவுக்கே ஆளுக்கு 10 வெள்ளி முன்பணம். அன்று மத்தியானமே ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் மேசை 90 நிமிடங்களுக்கு, 15 நிமிடம் தாமதமானால் பதிவு ரத்து. சரி, வாடகை நெருக்கடி அவர்களுக்கும் இருக்கும் என்று போனோம். தட்டுகள் சின்னச் சின்னதாக, ‘பகிர்ந்து சாப்பிட’ என்ற பெயரில் வந்தன. பகிர்வதற்கு மூன்று துண்டு, நாங்கள் நான்கு பேர். ரெண்டாங் சாஸ் ஊற்றிய ஆட்டு விலா உண்மையிலேயே நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சைவத்துக்கு இருந்தது முழுசாகச் சுட்ட ஒரு பூக்கோசு, 24 வெள்ளி. திருச்சிக்காரி அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைச் சுடறதுக்கு முன்னாடி உப்புப் போட்டிருக்கலாம்” என்றாள்.

வரும் தட்டெல்லாம் தாமதமாக வந்தது. ஆனால் கடிகாரம் எங்களுக்கு மட்டும்தான் ஓடியது. எழுபதாவது நிமிடத்தில் ‘கடைசி ஆர்டர்’, எண்பதாவது நிமிடத்தில் கேட்காமலே பில். மெனு விலைப்படி 160 வெள்ளி. பின்னால் இரண்டு கூட்டல் குறி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்தால் 176. அந்த 176-க்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. மொத்தம் 191 வெள்ளி 84 காசு. சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து வரி என்பதால் இரண்டு கூட்டல் குறியும் சேர்ந்து கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 1994-ல் இந்த வரி வந்தபோது 3 விழுக்காடுதான். 9 ஆனது 2024-ல். வரிக்குக் கடைக்காரர் என்ன செய்வார்? என் சண்டை அந்தச் சேவைக் கட்டணத்தோடுதான். எழுந்து போகச் சொன்னதுதான் சேவை என்றால் அதை இலவசமாகவே செய்திருக்கலாம். ஜொகூர்க்காரி தன் பங்கை மலேசியாவின் டூயிட்நவ் பணப்பரிமாற்றச் சேவையிலிருந்து, இங்கே அதே வேலையைச் செய்யும் என் பேநவ்வுக்கு அங்கேயே அனுப்பினாள். 2023 நவம்பரில் இரண்டையும் இணைத்ததிலிருந்து இந்த வசதி. அனுப்பும் முன் திரையில் தெரிந்த ரிங்கிட் தொகையை எங்கள் மூவருக்கும் காட்டினாள். யாரும் வாய் திறக்கவில்லை.

தெருவுக்கு வந்தால் மணி எட்டுகூட ஆகவில்லை. பேச வேண்டியதில் பாதி பாக்கி. எதிரே சுல்தான் பள்ளிவாசலின் தங்கக் குவிமாடம் விளக்கொளியில் நின்றது. அந்தக் குவிமாடத்தின் அடியில் கறுப்பு வளையம் ஒன்று தெரியும், பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். 1932-ல் முடிந்த இந்தக் கட்டடத்துக்குப் பணமாகக் கொடுக்க முடியாத ஏழைகளும் பங்களிக்கட்டும் என்று அவர்களிடமிருந்து வாங்கிய புட்டிகள். மலாய்த் தோழி சொல்லித்தான் திருச்சிக்காரிக்குத் தெரிந்தது. கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டாள்.

பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஸம் ஸம். 1908 முதல் முர்தபாக் போடும் கடை. வாசலிலேயே மாவை வீசி வீசி, துணிபோல் மெல்லியதாக்கி, நடுவில் இறைச்சியும் வெங்காயமும் முட்டையும் வைத்து மடித்துக் கல்லில் போடுகிறார்கள். கோழி, ஆடு, சார்டின், மான்கூட உண்டு. ஒரு ஆட்டு முர்தபாக்கை மூன்று பேர் பகிர்ந்தோம், இங்கே பகிர்வதற்கு உண்மையிலேயே இருந்தது. தொட்டுக்கொள்ள மீன் குழம்பு வாசனையில் ஒரு கறி, கூடவே தக்காளிச் சாஸ் ஊற்றிய வெள்ளரிக்காய். முழுப் பூக்கோசையும் தனியாளாக முடித்திருந்த திருச்சிக்காரிக்கு இஞ்சி டீ போதும். மாடியில் உட்கார்ந்து எங்கள் பாக்கிப் பேச்சை முடித்தோம். மொத்தச் செலவு, பக்கத்துச் சந்தின் பூக்கோசு விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஞாயிறு காலை ‘எஸ்கேப் ரூம்’. இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஆளுக்கு 28 வெள்ளி, 60 நிமிடம், பூட்டிய அறையிலிருந்து புதிரை அவிழ்த்து வெளியே வர வேண்டும். எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்துப் போட்டோம், பெட்டி திறக்கவில்லை. மறுபடி போட்டோம், திறக்கவில்லை. பூட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். ஊழியர் வந்து மாற்றிவிட்டுப் போவதற்குள் பத்து நிமிடம் போனது, அதைச் சேர்த்துத் தர மாட்டோம் என்றார்கள். அறுபதாவது நிமிடத்தில் ஒலிபெருக்கியில் மணி அடித்து வெளியே அனுப்பினார்கள். நம்மைப் பூட்டி வைக்கக் காசு வாங்கும் கடையிலும்கூட நேரம் முடிந்தால் வெளியேற்றித்தான் விடுகிறார்கள்.

அங்கிருந்து கேலாங் சிராய். சந்தையின் மாடி உணவங்காடியில் மலாய்த் தோழிதான் தலைவி. எங்கே நிற்க வேண்டும், எந்தக் கடையில் சம்பலை முதலில் ருசி பார்க்க வேண்டும் என்று கட்டளை போட்டுக்கொண்டே நடந்தாள். அங்கே கிடைக்கும் இந்தியன் ரோஜாக் நம் ஆட்களின் இன்னொரு சிங்கப்பூர்ச் சரக்கு. உருளைக்கிழங்கு, தவ்ஹு (டோஃபு), தெம்பே (புளிக்கவைத்த சோயா), இறால் வடை என்று நாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் சூடாக்கி வெட்டி, ஆரஞ்சு நிறத்தில் ஓர் இனிப்புக் காரச் சாறு தருவார்கள். சைவத் தோழிக்கு ஹேய்க் ரோட்டில் புட்டு பிரிங் வாங்கினோம். அரிசிமாவுக்குள் குலா மலாக்கா எனும் தென்னை வெல்லத்தை வைத்து ஆவியில் வேகவைத்து, பாண்டான் இலைமேல் தேங்காய்ப்பூவோடு தருகிறார்கள். சூடாகக் கடித்தால் உள்ளே வெல்லம் உருகி வழிகிறது. ஒன்றை வாயில் போட்ட திருச்சிக்காரி அடுத்த ஐந்து நிமிடம் யாரிடமும் பேசவில்லை. பிறகு தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி, “அம்மா, இங்க வெல்லத்தை உள்ள வெச்சிருக்காங்க” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து உடனே அளவு கேட்டார்கள்.

சாயங்காலம் மரினா அணைக்கட்டு. இதுதான் எனக்கு முதலிடம். கோமள விலாஸ் மன்னிக்க வேண்டும். 2008-ல் திறந்த இந்த அணை 350 மீட்டர் நீளம், கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க ஒன்பது மதகுகள். உள்பக்கம் மரினா நீர்த்தேக்கம், குடிநீருக்கு. பெருமழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால் ராட்சதப் பம்புகள் மழைநீரைக் கடலுக்குத் தள்ளும். சைனாடவுன், ஜாலான் புசார் போன்ற தாழ்வான இடங்களில் வெள்ளம் குறைந்ததில் இதற்குப் பங்குண்டு. ஆக, முந்தின நாள் நாங்கள் சுற்றிய தெருக்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறவர்கள் மதகைப் பார்க்க வருவதில்லை. பம்பு நிலையத்தின் கூரை முழுவதும் புல்வெளி. சுருள் சுருளாக ஏறும் சரிவில் நடந்து மேலே போனால் ஒரு பக்கம் நகரத்தின் உயரக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் நங்கூரமிட்ட கப்பல்கள், தலைக்குமேல் பட்டங்கள்.

ஜொகூர்க்காரி இங்கே எழுந்து நின்றாள். பாசிர் கூடாங்கில் அனைத்துலகப் பட்டத் திருவிழாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவளாம், எங்களுக்கெல்லாம் நூல் பிடிக்கத் தெரியவில்லையாம். பக்கத்தில் பட்டம் ஏறாமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு சீனக் குடும்பத்தின் சிறுவனிடமிருந்து நூலை வாங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நாலு இழுப்பு இழுத்து ஏற்றிக் கொடுத்தாள். அவன் அப்பா நன்றிக்கு ஒரு பை லாங்கான் பழம் கொடுத்தார். நாங்கள் பாய் விரித்து, டாபாவ் (பொட்டலமாக) வாங்கி வந்ததைப் பிரித்து, ஊனோ சீட்டு போட்டோம். நாலு சீட்டு எடுக்கச் சொல்லும் கறுப்பு அட்டை காற்றில் பறந்து சரிவில் உருள, அதை என் கையில் வைத்திருந்தேனா போட்டுவிட்டேனா என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. யாரும் எழுப்ப வரவில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

போகிறவர்களுக்கு: தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் ‘கரையோரப் பூந்தோட்டங்கள்’ நிலையத்தில் இறங்கினால் நிதானமாக நடந்து பதினைந்து நிமிடத்தில் வந்துவிடலாம். கூரையில் நிழல் கிடையாது. ஐந்து மணிக்கு முன்னால் போனால் வெந்துபோவீர்கள். பாய் கட்டாயம் வேண்டும், புல் குத்தும். காற்றுக்கு எடை வைக்க நாலு தண்ணீர்ப் புட்டி எடுத்துப் போங்கள். ஜொகூருக்குத் திரும்புகிற தோழி யாராவது கூட வந்தால் அவளை ஏழு மணிக்குள் அனுப்பிவிடுங்கள், ஞாயிறு இரவு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசை யாருக்காகவும் குறையாது. எங்களுடையவள் ஏழரைக்குத்தான் கிளம்பினாள். சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்ததால் போக மனமில்லை அவளுக்கு.